விற்பனைக்கு வைத்த நாற்காலி

ஊரே புகழும் பழைய சதுக்கம் என்று சொல்லி மகன் எங்களைக் கூட்டிவந்தான். "அப்பா, நாங்க மணிக்கூண்டு மேல ஏறிட்டு வந்திடறோம். நீங்களும் அம்மாவும் சந்தையைச் சுத்திப் பாருங்க" என்று மருமகளோடு வரிசையில் போய் நின்றுகொண்டான். அவன் அம்மாவுக்கு முட்டி தேய்ந்து வருஷக்கணக்காகிறது. சுற்ற வேண்டுமாம்.

எனக்கு வேண்டியது அவளை உட்காரவைக்க ஓர் இடம். மன்னர் காலத்துப் படிக்கட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். நீரூற்றின் விளிம்பு முழுக்கக் கூர்க்கம்பி. மர நிழலைக் காபிக் கடைக்காரன் மேசை போட்டு வளைத்துவிட்டான். அங்கே ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்ததுமே, "ஏதாவது வாங்குறீங்களா? இல்லன்னா எழுந்திருங்க" என்று ஒருத்தன் வந்து நின்றான். இந்தக் கல்லைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள். மனுஷன் உட்கார்ந்தால் மட்டும் அது கரைந்துவிடுமோ?

அவள் என் தோளைப் பிடித்தாள். வலி என்று வாய்விட்டுச் சொல்கிறவள் இல்லை, பிடி இறுகியது.

பழைய சாமான் வரிசையில் ஒருத்தன் நாற்காலிகளைப் பரப்பியிருந்தான். ஒன்றில் அவளை உட்காரவைத்தேன்.

"பெரியவரே, அது விக்கிறதுக்கு வச்சிருக்கு."

"உக்காந்து பாக்காம எவன் நாற்காலி வாங்குவான்? என்ன விலை?"

சொன்னான்.

"இது விலையா, கொள்ளையா?"

கோபம் நடிப்பில்லை. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் அவன் தலையில் இறங்கியது. கால் ஆடுகிறது என்றேன். பாலிஷ் போட்டு ஓட்டையை மறைத்திருக்கிறாய் என்றேன். அவன் குறைக்கக் குறைக்க நானும் குறைத்துக் கேட்டேன். கடைசியில் பாவி, நான் கேட்ட அடிமாட்டு விலைக்கே சம்மதித்துவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இன்னும் காலை நீட்டக்கூட இல்லை.

"இது வேணாம். அந்தக் கைவச்ச நாற்காலி என்ன விலை?"

"வாங்க வந்தீங்களா, வம்புக்கு வந்தீங்களா?"

அவள்தான் போட்டு உடைத்தாள். "எனக்கு முட்டி வலி தம்பி. நேரா கேக்க இவருக்கு வாய் வராது. சண்டைதான் வரும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நீங்க உக்காருங்கம்மா. அவரு கொஞ்சம் வாயை மூடிக்கிட்டா போதும்."

அவள் சிரித்துக்கொண்டே காலை நீட்டினாள். எனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. ஓசியில் உட்காரவைப்பவன் பின்னால் என்ன கேட்பானோ, யார் கண்டது.

மகன் முகமெல்லாம் பல்லாக வந்தான். "எழுந்திரும்மா, அடுத்தது அரண்மனை. மூடிடுவாங்க."

"மூடட்டும்" என்றேன். "அவ எந்திரிக்கும்போது எந்திரிப்பா. அதுவரைக்கும் நீ நில்லு."