விழாக்கால வணக்கம்

கார்த்திகைக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் வேலூரிலிருந்து வந்த அந்த ஒரு பக்கக் காகிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்தியவர் மானிட்டர் ஆதிமூலம்தான். குத்திவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து, கோணலாக இருக்கிறதா என்று பார்த்து, நேராக்கவும் செய்தார். தாம் எழுதிக் கொடுத்த யோசனை உத்தரவாகித் திரும்பி வந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

அது 1978. திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்போது டயல் சுற்றுகிற வேலையெல்லாம் கிடையாது. ஊரில் யார் போனை எடுத்தாலும் இங்கே போர்டில் ஒரு குட்டி விளக்கு எரியும். ஆபரேட்டர் பெண் ஒரு வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். கேட்ட நம்பரில் இன்னொரு வயரைச் செருகி மணியடிப்பாள். அந்தப் பெண்களுக்கு ஷிப்டு போடுவதும், புகார் கேட்பதும், மேலே கடிதம் எழுதுவதும் மானிட்டர் வேலை.

வருஷத்தில் பத்து நாள், கொடியேற்றம் முதல் தீபம் வரை, அந்த "நம்பர் ப்ளீஸ்" காணாமல் போய்விடும். "அரோகரா! எந்த நம்பருங்க?" என்பார்கள். எந்த ஆபரேட்டர் ஆரம்பித்து வைத்தாள் என்று யாருக்கும் நினைவில்லை. பூ மண்டி வேடியப்பன் அதைக் கேட்பதற்கென்றே போனை எடுப்பார். கேட்டுவிட்டு, யாருக்குப் பேசலாம் என்று அதற்கப்புறம்தான் யோசிப்பார்.

ஜமீலா மட்டும் அரோகரா சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் சொல்லு என்று அவளை யாரும் கேட்டதுமில்லை. பெரிய தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாஷாவின் மகள் அவள். அவளாகவே ஒன்று வைத்திருந்தாள்.

"தீபம் நல்லா தெரியட்டும்ங்க! எந்த நம்பரு?"

கார்த்திகை மழைக் காலம். மலை உச்சியை மேகம் மூடிக்கொண்டால் வந்த கூட்டம் முழுவதும் ஏமாந்து நிற்கும். பத்து நாளும் ஊர் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் காதோரம் ஒரு பெண் குரல் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? "அந்தப் பொண்ணு வாய் முகூர்த்தம்யா, போன வருஷம் தீபம் பளிச்சுனு தெரிஞ்சுது" என்று வேடியப்பன் மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இதெல்லாம் ஆதிமூலத்துக்கும் தெரியும். தெரிந்தும்தான் செய்தார்.

ஐப்பசியில் வேலூர் அதிகாரி சக்கரவர்த்தி சோதனைக்கு வந்திருந்தார். இங்கிலீஷ் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிற மனுஷர். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை பிடுங்கிய குடும்பத்திலிருந்து வந்து, தாமாகவே படித்து முன்னேறிய ஆதிமூலத்துக்கு அவரைப் போன்றவர்களிடம் ஒரு மயக்கம் உண்டு. காபி குடித்துக்கொண்டே அதிகாரி கேட்டார்.

"இங்க திருவிழாவுல ஏதோ சாமி பேரெல்லாம் சொல்வீங்களாமே?"

கேட்டது குறை சொல்லவா, ரசித்தா என்று ஆதிமூலத்துக்குப் பிடிபடவில்லை. குறை என்றே எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் அது ஒப்புதல் இல்லீங்க சார். சர்க்கார் ஆபீஸ் எல்லாருக்கும் பொதுதானே? நம்ம ஸ்டாஃபுல ஒரு முஸ்லிம் பொண்ணு இருக்குது. அதுக்கு மனசுல எவ்ளோ வருத்தம் இருக்கும்?"

"சொல்லுச்சா?"

ஒரு கணம்தான். "வெளிய சொல்லாதுங்க சார். பாவம், வருத்தப்படுது."

சக்கரவர்த்தி கோப்பையைக் கீழே வைத்தார். "மிஸ்டர் ஆதிமூலம், உங்களை மாதிரி நினைக்கறவங்க நம்ம டிபார்ட்மெண்டுல கம்மி. எழுத்துல குடுங்க."

அன்று மாலையே எழுதிவிட்டார். நல்ல கையெழுத்து, நல்ல தமிழ். 'வருத்தப்படுகிறார்' என்று எழுதிய இடத்தில் பேனா சற்றுத் தயங்கியது. பக்கத்து அறையில்தான் ஜமீலா இருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்க இருபது அடிகூட நடக்க வேண்டியதில்லை. கேட்டால், 'அய்யோ, அப்டியெல்லாம் ஒண்ணுமில்லியே சார்' என்று சிரித்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது சீனியர் ஆபரேட்டர் தங்கம்மாள் பலகை முன்னால் நின்று, கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"மாற்று மத ஊழியர் ஒருவரின் மனவருத்தத்தைக் கருதி, இனி விழா நாட்களில் 'விழாக்கால வணக்கம்' என்ற பொதுவான வாழ்த்தை மட்டுமே கூற வேண்டும்..."

படித்து முடித்ததும் அறையில் இருந்த நாலு பெண்களில் மூன்று பேர் நாலாவது பெண்ணைத்தான் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது? எக்ஸ்சேஞ்சில் மாற்று மதம் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"ஏம்மா ஜமீலா," என்றாள் தங்கம்மாள். "நாலு வருஷமா ஒண்ணா சோறு திங்கறோம். எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தா நாங்களே நிறுத்தியிருப்போமே. வேலூருக்கா எழுதிப் போடுவே?"

"நான் எங்கக்கா எழுதனேன்?" என்றாள் ஜமீலா. "எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா."

"அப்போ யாரு, அந்த மலை எழுதிப் போட்டுதா?" என்றாள் காசியம்மாள்.

ஆதிமூலம் வாசல் ஓரத்தில் டீ கிளாசோடு நின்றிருந்தார். சொல்வதற்கு அதுதான் நேரம். 'நான்தான் எழுதினேன்' என்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒரு வாய் டீயோடு அதை விழுங்கிவிட்டார்.

"சரி சரி, போர்டுல விளக்கு எரியுது பாருங்க. அவங்கவங்க சீட்டுக்குப் போங்க."

மறுநாள் காலை கொடியேறியது. முதல் விளக்கு வேடியப்பனுடையது. எடுத்தவள் காசியம்மாள்.

"விழாக்கால வணக்கம். எந்த நம்பருங்க?"

"என்னா வணக்கம்?"

"விழாக்காலங்க."

"எந்த விழாம்மா? பேரு இல்லியா அதுக்கு? எங்க வீட்டுப் புள்ளைக்குக் காது குத்துனா அதுவும் விழாதான். அதுக்கும் இதே வணக்கமா?"

காசியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக, ஆபீசில் ஒருவருக்கு மனவருத்தம் என்பதையும் சொல்லிவிட்டாள். ஊரில் டெலிபோன் இருந்த அத்தனை வீட்டுக்கும் விஷயம் போய்ச் சேர மத்தியானம் வரைகூட ஆகவில்லை.

எல்லோருமே எதிர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. கணக்கு வாத்தியார் பலராமன் நேரே ஆபீசுக்கே வந்து, "நல்ல காரியம் சார். சாமியைக் கோயிலோட வச்சிக்கணும், சர்க்கார் ஆபீசுக்கு எதுக்கு?" என்று ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "யார் துணிஞ்சு சொன்னாங்களோ, அந்தப் பொண்ணைப் பாராட்டணும்." ஆதிமூலம் கையை இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஜமீலாவின் குரலைக் கேட்டதுமே சிலர் போனை வைத்துவிட்டார்கள். சிலர், "வேற ஆளைக் குடும்மா" என்றார்கள். அவள் குரலுக்கு வேடியப்பன் பக்கத்திலிருந்து பெருமூச்சு ஒன்று கேட்டது, லைன் செத்துப்போனது. சைக்கிள் கடையில் பாஷாவிடம் காற்றடிக்க வந்த ஒருவன், "அரோகரான்னா உங்க பொண்ணு காது குத்துதாமே பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் ஜமீலா மானிட்டர் அறைக்கு வந்தாள்.

"சார், வேலூருக்கு ஒரு லெட்டர் எழுதணும். நான் யாராண்டயும் குறை சொல்லலைன்னு. யாரோ என் பேரைச் சொல்லிட்டாங்க சார். நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

இதைவிட அவள் செருப்பைக் கழற்றியிருக்கலாம் என்று தோன்றியது ஆதிமூலத்துக்கு. ஆனாலும் பேனாவை எடுத்தார். எழுதினார். அதுவும் நன்றாகவே எழுதினார். 'நான் எக்காலத்திலும் வருத்தம் தெரிவித்ததில்லை; என்னை யாரும் கேட்டதுமில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு, "இதான் சார், இதான் நான் சொல்ல வந்தது" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"நானே அனுப்பிடறேம்மா."

அனுப்பவில்லை. அனுப்பினால் சக்கரவர்த்தி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாரே! மேஜை இழுப்பறையில், பழைய ஷிப்டுத் தாள்களுக்கு அடியில் அது போனது. ஜமீலா தினமும் கேட்டாள்: "பதில் வந்துதா சார்?" அவர் தினமும் சொன்னார்: "வரும்மா. வேலூர் விஷயம், மெதுவாத்தான் நடக்கும்."

தீபத்தன்று சாயங்காலம் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணிக்கு ஆபரேட்டர்கள் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். அந்தக் கால் மணி நேரம் நாலு பேர் போர்டையும் ஜமீலா தனியாகப் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் ஊரில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள் என்றாலும், அது அவளுக்கென்று ஏற்பட்டுவிட்ட வேலை. கீழே வந்ததும் தங்கம்மாள் தன் கையால் அவள் வாயில் ஒரு பொரி உருண்டையைத் திணிப்பாள்.

இந்த வருஷம் ஜமீலா வழக்கம்போல் எழுந்து, "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?" தங்கம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அப்புறம் அதையும் மேல எழுதிப் போட்டுடுவே. காசி, நீ இரு. நாங்க பாத்துட்டு வந்து உன்னை அனுப்பறோம்."

வெளியே ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜமீலா திரும்ப உட்கார்ந்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல், ஒரு விளக்கும் எரியாத போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆதிமூலம் நின்றிருந்தார். அவரும் அந்த வருஷம் மாடிக்குப் போகவில்லை. போக முடியவில்லை.

அடுத்த வாரம் ஜமீலா ஒருநாள் லீவு போட்டாள். மறுநாள் காலை நேரே மானிட்டர் அறைக்கு வந்து ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். வேலூருக்கு மாற்றல் உத்தரவு, அவளே கேட்டு வாங்கியது.

"நேர்ல போய்க் கேட்டேன் சார், என் லெட்டருக்கு ஏன் பதில் போடலைன்னு. அப்டி எதுவும் வரலைன்னாங்க. வந்தது இது ஒண்ணுதான்னு ஃபைலைக் காட்டினாங்க." அவள் குரல் ஏறவில்லை. "தினமும் ஷிப்டுத் தாள்ல பாக்கற கையெழுத்து சார். பேரைப் பாக்கக்கூட வேண்டியதில்ல."

ஆதிமூலம் நாற்காலியை விட்டு எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை.

"அம்மா, நான் உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"எனக்கா சார்?"

"மன்னிச்சிடும்மா" என்றார்.

"என்னாண்ட சொல்லாதீங்க. எனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே. தெரியாதவங்களாண்ட சொல்லுங்க." உத்தரவில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கீழே பாஷா சைக்கிளோடு நின்றிருந்தார். அவள் போர்டு அறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிவிட்டாள்.

ஆதிமூலம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஷிப்டுத் தாள்களுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போர்டு அறைக்குள் போனார். மூன்று பெண்களும் திரும்பினார்கள். முதலில் கடிதத்தைப் படித்தார். பிறகு தாம் செய்ததைச் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன, யாரும் வயரைச் செருகவில்லை.

தங்கம்மாள்தான் வாய் திறந்தாள். "அன்னிக்கு அந்தப் பொண்ணை நான் நிக்க வச்சுக் கேட்டேனே. நீங்க இங்கதான சார் இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"டீ குடிச்சிக்கிட்டு."

"ஆமா."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "பொரி உருண்டையைக்கூடக் குடுக்கலியே நான்," என்றாள் யாரிடமோ. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வயரை எடுத்து வேடியப்பன் நம்பரில் செருகி மணியடித்தாள். தன் தலையிலிருந்து கழற்றிய ஹெட்போனை ஆதிமூலத்திடம் நீட்டினாள்.

"எங்க மூணு பேராண்ட சொன்னா போதுமா சார்? ஊருல ஒருத்தரும் அது கொரலையே கேக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்களாண்ட சொல்லுங்க."

"தங்கம்மா, சர்க்கார் லைன்ல இப்டி..."

"அதுக்கு மெமோ வந்தா நான் வாங்கிக்கறேன். பேசுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். "ஐயா, எக்ஸ்சேஞ்ச் ஆதிமூலம் பேசறேங்க..." நடந்ததை முழுக்கச் சொன்னார்.

"அந்தப் பொண்ணை லைனுக்குக் கூப்புடுய்யா," என்றார் வேடியப்பன்.

"வேலூருக்குப் போயிட்டுதுங்க."

படக்கென்று போன் வைக்கப்பட்டது. தங்கம்மாள் வயரைப் பிடுங்கி அடுத்த நம்பரில் செருகினாள். கணக்கு வாத்தியார் பலராமன். முதல் தடவையைவிட இது சுலபமாக இருக்கும் என்று ஆதிமூலம் நினைத்தார். இல்லை.

முழுவதும் கேட்டுவிட்டு வாத்தியார், "இருக்கட்டுமே சார், விஷயம் சரிதானே? யார் எழுதுனா என்ன?" என்றார்.

தப்பிக்க ஒரு வழி திறந்திருந்தது. தங்கம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விஷயம் சரியோ தப்போ, அது வேறங்க," என்றார் ஆதிமூலம். "அந்தப் பொண்ணு சொல்லாததை நான் அது சொன்னதா எழுதிட்டேன். அது சொல்லவே இல்லீங்க."

தங்கம்மாள் அடுத்த நம்பருக்கு மணியடித்துக்கொண்டிருந்தாள்.