இடப்பக்கத்து மான்கள்

புளியமரங்களுக்கு இடையே வெயில் இன்னும் இறங்கவில்லை. புல்லில் பனி. பனிக்குள் புள்ளிகள். அசைந்தால் மான், அசையாவிட்டால் உதிர்ந்த சருகு.

ஜமீன் வேட்டையாடிய காடு. இன்று வனத்துறையின் காடு. வேட்டை பங்களாவின் கூரை எப்போதோ போய்விட்டது. அதைச் சுற்றி வளையும் மண்பாதையில் காலையில் எங்கள் ஊர் ஓடுகிறது. தொந்தியைத் தூக்கிக்கொண்டு வக்கீல் ஓடுகிறார். ஐப்பசியிலிருந்து என் வீட்டுக்காரரும் ஓடுகிறார்.

அதுதான் எனக்கு உறுத்தியது.

பூவலிங்கம் தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில் போகிற மனிதர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேன் எடுக்கும் நேரம்வரை இழுத்துப் போர்த்திக் கிடந்தவர் திடீரென்று ஷூ வாங்கினார். “உடம்பு நல்லாருக்கணும்லா” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பால் பாக்கெட்டையே அழுத்திப் பார்த்து வாங்குகிறவள் நான். இதை விடுவேனா?

மார்கழியில் ஒரு காலை பின்னாலேயே போனேன். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மகளுடைய கேன்வாஸ். ஓடினேன். அதை ஓட்டம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மூச்சு வாங்கியது. பாதையோரம் ஜமீன் துப்பாக்கியோடு பதுங்கிய கல் மறைவு ஒன்று இருந்தது. அதற்குள் பதுங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு சிவப்புச் சட்டை வந்தது. சின்ன வயதுப் பெண். அவளுக்கு நாலடி பின்னால் அவர்.

இந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாதையோரம் மான் நின்றால் முன்னால் ஓடுகிறவர் கையைத் தூக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் நின்றுவிட வேண்டும். மான் கூட்டம் கடந்த பிறகுதான் ஓட்டம். பேச்சு கிடையாது. கை மட்டும்.

அவள் கை ஏறியது. அவர் நின்றார்.

அவள் கை இறங்கியது. அவர் ஓடினார்.

வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காதவர்.

மறுநாளும் பார்த்தேன். அவள் மெதுவாகப் போனால் இவரும் மெதுவாகப் போனார். ஊரே மானைப் பார்த்து நின்றது. அவர் மட்டும் மானைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அந்தக் கல் மறைவுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் அவருக்கு முன்பே கிளம்பிப்போய் அவளைக் காட்டு வாசலில் பிடித்தேன்.

“யாரும்மா நீ? என் வீட்டுக்காரர்கூட உனக்கு என்ன பழக்கம்?”

அவள் ஜெனிட்டா, ஆஸ்பத்திரி நர்ஸ். முகம் வெளுத்துவிட்டது. “அது உங்க வீட்டுக்காரராக்கா? ஒரு வார்த்தை பேசுனதில்ல. நான் நின்னா நிக்காரு, ஓடுனா ஓடுதாரு. எனக்கே பயமா இருக்கு. இன்னைக்கு ஃபாரஸ்ட் கார்டுகிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்.”

நடிக்கிறாளோ? அதையும் சந்தேகப்பட்டேன். “அப்படின்னா இன்னைக்கு ஓடாத. என்கூட வந்து இரி” என்றேன். வந்தாள். மறைவுக்குள் இருவரும் ஒட்டி உட்கார்ந்தோம்.

அவர் வந்தார். தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டே வந்தார். சிவப்புச் சட்டை இல்லை. முன்னால் யாருமே இல்லை.

இடப்பக்கம் மான்கள் எழுந்தன. கொம்பு வைத்த கிடா, பெண்மான்கள், குட்டிகள். பாதையை நோக்கி வந்தன. மறைவுக்குள்ளிருந்து எங்களுக்கே தெரிந்தது.

அவர் கை தூக்கவில்லை. அவர் நிற்கவில்லை.

“நில்லுங்க” என்று கத்தினேன். அதற்குள் ஒரு பெண்மான் அவர்மேல் மோதித் தாவியது. அவர் விழுந்தார். கூட்டம் சிதறியது. குட்டி ஒன்று அவர் காலடியில் நின்று நடுங்கியது. பிறகு அதுவும் ஓடியது.

முழங்கையில் ரத்தம். அவர் கேட்டது ஒன்றுதான்: “எங்கருந்து வந்துச்சு?”

ஜெனிட்டா எதிரே குத்தவைத்து ஒரு விரலை நீட்டினாள். “விரல் தெரியுதா?” தெரியுது என்றார். விரலை இடப்பக்கம் கொஞ்சமாக நகர்த்தினாள். “இப்போ?”

“விரலை எடுத்துட்டியாம்மா?” என்றார்.

பிறகு என்னிடம் சொன்னார். “நேரா இருக்கது எல்லாம் தெரியுது கனி. ஓரந்தான் இருட்டு. குறுக்க வாற மானைப் பார்த்து நின்னுட்டா வேனையும் ஓட்டிரலாம்னு நெனைச்சேன். முடியல. பெறவு இந்தப் பிள்ளை கையைப் பார்த்து நிக்கப் பழகிட்டேன்.”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரத்திலிருந்துதான் ஓடி வருவார்கள். வேனுக்கு முன்னால் யாரும் கை தூக்க மாட்டார்கள்.

இன்னொருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்கு என்னிடம் சண்டை இருந்தது. இதற்கு ஒன்றுமே இல்லை.

வெயில் பாதைக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து மண்ணைத் தட்டினார். “நேரமாச்சு. பிள்ளைக ரோட்டுல காத்துக் கெடக்கும்.”

பையைத் தடவினார். வேன் சாவி இல்லை. அவர் விழுந்தபோது அது புல்லில் தெறித்திருந்தது. நான் எடுத்துவிட்டேன்.

“சாவியப் பார்த்தியா கனி?” என்று நேராகப் பார்த்துக் கேட்டார். அங்கே வெறும் பாதைதான் இருந்தது. “கனி? எங்க போயிட்ட?”

நான் எங்கேயும் போகவில்லை. அவருடைய இடப்பக்கம், தோளை ஒட்டி நின்றிருந்தேன், சாவியை இறுக்கிப் பிடித்தபடி.