அடையாள அட்டையில் இருந்தவள்

“அதை எழுதினது நான் சார். கீழ என் பேரைப் போடுங்க.”

வேலையில் சேர்ந்த அன்று அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள்: “நம்ம வீட்டுல முதல்முதலா நாற்காலில உக்காந்து வேலை பாக்கப் போறவ நீ. வாயைத் திறந்து எதையும் கேட்டுத் தொலைக்காதே.” எட்டு மாதம் இவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்; இன்றுதான் மேலாளரிடம் வாயைத் திறந்தாள். பாட்டுச் செயலி ஒன்றின் அலுவலகம் அது. வெளிநாட்டுப் பாடல்களுக்கு நாலு வரி விளக்கம் எழுதுவது இவள் வேலை. மேலாளர் கைபட்டதும் எந்தப் பாட்டும் காதலாகவோ தாய்ப்பாசமாகவோ இறைபக்தியாகவோ மாறிவிடும். போன வாரம் வங்கியைக் கொளுத்துவேன் என்று ஒருவன் பாடியது, தாயைப் பிரிந்த மகனின் ஏக்கமாகி வெளியே போனது.

இந்தமுறை பாடியவள் ஒரு கறுப்பினப் பெண். ‘என் தோல் பாவமென்றால் பிறந்தபோதே பாவி நான், வெயிலே வா, இன்னும் கொஞ்சம் பாவம் செய்வோம்’ என்று சிரித்துக்கொண்டே பாடுகிறாள். பள்ளி நாடகத்தில் வருஷம் தவறாமல் அரக்கி வேஷம் வாங்கிய இவளுக்கு அகராதி தேவைப்படவில்லை. ‘நிறத்தைக் குற்றமாக்கியவர்களைப் பார்த்து அடிக்கும் நக்கல் இது’ என்று எழுதிக் கொடுத்தாள்.

“பேர்தானேம்மா? போட்டுட்டாப் போச்சு” என்றார் மேலாளர்.

மதியம் திரையில் பார்த்தாள். ‘ஆன்மாவில் படிந்த பாவக் கறையைக் கழுவும்படி இறைவனிடம் உருகும் பாடல்.’ கீழே, கொட்டை எழுத்தில், இவள் பேர்.

நேரே அவர் அறைக்குப் போனாள். “சார், அவ ஆன்மாவைப் பாடல. தோலைப் பாடறா.”

“தோல்னு போட்டா நாலு பேருக்கு உறுத்தும்மா.”

“உறுத்தணும்னுதானே பாடியிருக்கா! நான் எழுதினதைப் போடுங்க. இல்லன்னா என் பேரை எடுங்க.”

“போடுன்ன, போட்டேன். இப்ப எடுங்கற. ரெண்டும் முடியாது. இந்தக் காலத்துல நிறமெல்லாம் யாரும்மா பாக்கறா?”

அவர் தலைக்கு மேல் அவர் படம் தொங்கியது. சுவரிலானாலும் அடையாள அட்டையிலானாலும் ஊழியர் படத்தை நிறம் வெளுத்துத்தான் அச்சடிப்பது அங்கே வழக்கம். இவருடையதில் காதுகளை மட்டும் வெளுக்க மறந்திருந்தார்கள்.

“அப்ப மேல தொங்கறது உங்க ஆன்மாவா சார்?”

மேலாளர் அண்ணாந்து பார்த்தார். வெளியே யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

இவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசல் காவலாளி தினமும் இவள் அட்டையைப் பார்த்து, “இது நீதானாம்மா?” என்று கிண்டலடிப்பவர். கழுத்திலிருந்து அதைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள்.

“என்னம்மா, இங்க வெச்சுட்டுப் போற?”

“இவ யாருன்னு தெரியலண்ணே. தேடி வந்தா குடுத்துடுங்க.”

வெயில் சுள்ளென்று அடித்தது. கறுத்துப்போவாய் என்று அம்மா திணித்த குடை பைக்குள்ளேயே கிடக்க, தெருவின் நிழலில்லாத பக்கமாக நடந்தாள்.