நாலரை மணி விளம்பரம்

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு கார்சன் லண்ட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பிரெஸ்க் ஐல் சேனலில் எங்கள் வேட்பாளருக்கு வாங்கி வைத்திருந்த விளம்பர நேரம் முழுவதையும் ரத்து செய்யச் சொன்னார். ஐந்து மணிக்குள் கடிதம் போய்விட வேண்டும்.

அதிபர் தேர்தலுக்கு டிவி நேரம் வாங்கும் அலுவலகம் அது. வாஷிங்டனில் மூன்றாவது மாடி. லண்ட் தலைவர், சின்ன ஊர்ச் சேனல்களுக்கு ஆர்டர் போட்டுக் கையெழுத்திடுவது நான். பிரெஸ்க் ஐல் எல்லாவற்றிலும் சின்னது. மெய்ன் மாநிலத்தின் வடகோடி, அதற்கப்பால் கனடா. என் வீடும், கணவர் ஆர்மானும், மகள் செலீனும், இருநூறு ஏக்கர் உருளைக்கிழங்கும் அங்கேதான்; தேர்தல் வேலைக்காக நான் மட்டும் இங்கே.

"அந்தப் பணம் ஃபிலடெல்பியாவுக்குப் போகுது ரோசெல்," என்றார் லண்ட். "உங்க ஊர்ல யாரும் டிவியே பாக்கல. சாயங்காலச் செய்தி நேரத்துல பாதி வீட்ல டிவி ஓடல. நம்ம பசங்க கருத்துக்கணிப்புக்குப் போன் போட்டா ஒருத்தரும் எடுக்கல. செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

"எந்த வாரம் எடுத்த கணக்கு?"

"போன ரெண்டு வாரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அறுவடை சார். பள்ளிக்கூடத்துக்கே மூணு வாரம் லீவு விட்டிருக்காங்க, பிள்ளைங்க கிழங்கு பொறுக்க. இருட்டுற வரைக்கும் ஊரே வயல்ல நிக்கும். ஏழு மணிக்கு சூப் குடிச்சிட்டு அப்படியே சாஞ்சிடும். ஆறு மணிச் செய்திய யாரு பாப்பா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பாக்கல."

"சாயங்காலம் பாக்கல. காலைல நாலரைக்கு எல்லா வீட்லயும் டிவி ஓடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் சொன்னேன். அறுவடை மாதம் முழுக்க எங்கள் சேனலில் விடியுமுன் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் உட்கார்ந்து சீட்டு சீட்டாக வாசிப்பார்: எந்தப் பண்ணையில் இன்றைக்குத் தோண்டுகிறார்கள், உறைபனி விழுந்ததால் எங்கே எட்டு மணிக்கு மேல்தான் ஆரம்பம், எங்கே ஆள் போதவில்லை, ஆள் ஏற்றும் லாரி எந்த முக்கில் எத்தனை மணிக்கு நிற்கும். அதைப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் காலணி மாட்டுவதில்லை. எங்கள் அலுவலகத்து விலைப்பட்டியலோ காலை ஐந்து மணியிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன்னால் உள்ள நேரத்தை யாரும் வாங்கியதே இல்லை.

"சாயங்காலத்துக்குக் கட்டின பணத்தையே அந்த நேரத்துக்கு மாத்திக்கலாம். புதுசா ஒரு காசு வேண்டாம்," என்றேன்.

"நாலரை மணிக்கு அதிபர் தேர்தல் விளம்பரமா? கோழி வந்து ஓட்டுப் போடுமா?"

கோபம் வந்தது. ஆனால் கத்தவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, அவர் முன்னாலேயே ஒலிபெருக்கியில் வைத்து ஆர்மானை அழைத்தேன். நீண்ட நேரம் மணி அடித்த பிறகு இயந்திர இரைச்சலோடு அவர் குரல் வந்தது.

"என்ன மகாராணி, இந்த நேரத்துல? அங்க கிழங்கு தீந்துபோச்சா?"

"ஆர்மான், இன்னைக்குக் காலைல டிவி எப்ப போட்ட?"

"நாலரைக்குத்தான். இதென்ன கேள்வி? வடக்கு வயல்ல உறைபனி, நாங்க ஒன்பது மணிக்குத்தான் தோண்டுவோம்னு நான்தானே சேனலுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இல்லன்னா பாதிப் பேரு ஆறு மணிக்கே வந்து நின்னு என்னைத் திட்டுவான்."

"பக்கத்து வீட்ல?"

"லெவெக் வீட்லயும் வெளிச்சம் தெரிஞ்சுது. எல்லா வீட்லயுந்தான். ஏன், யாரு கேக்கறா?"

லண்ட் குனிந்து போன் பக்கம் பேசினார். "சார், நான் ரோசெலோட மேலதிகாரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எங்க வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

இரைச்சல் நின்றது. இயந்திரத்தை நிறுத்திவிட்டார் போல.

"மாட்டேங்க," என்றார் ஆர்மான். "கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல நானும் இவளும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டதே இல்ல. உங்க ஆளு இந்தப் பக்கம் வந்ததும் இல்ல, எங்ககிட்ட எதுவும் கேட்டதும் இல்ல. சரி, எனக்கு வேலை இருக்கு."

போன் அடங்கியது. லண்ட் சிரித்தார். "வீட்டுக்காரரே நமக்கில்ல. இதுக்கு மேல என்ன சொல்ல?"

"அவர் மாட்டேன்னு மட்டும் சொல்லல. யாரும் வந்து கேக்கலன்னும் சொன்னார்."

"ரோசெல், ரத்துக் கடிதம். ஐந்து மணி."

என் மேசைக்கு வந்தேன். அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் ஓட்டுகளில் ஒன்று எங்கள் வடக்குத் தொகுதிக்கென்றே தனியாக இருக்கிறது. மாநிலம் ஒரு பக்கம் போனாலும் அது தன்னிஷ்டப்படி போகலாம். அந்த ஒரு ஓட்டுக்குக்கூட நாங்கள் லாயக்கில்லை என்று எழுதி, அதன் கீழே என் பெயரைப் போடச் சொல்கிறார். போட்டுவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குள் போவது? என் அப்பாவும் அந்த வயல்களில்தான் குனிந்தார். இந்த நேரம் செலீன் குனிந்துகொண்டிருப்பாள்.

சேனலில் விற்பனை பார்க்கும் ஜெனீவா ஒரே அழைப்பில் எடுத்தாள். "நாலரைக்கு எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேட்டேன். "முழுசும் இருக்கு. உன்ன மாதிரி பைத்தியம் இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றாள். பழைய ஆர்டரின் மாலை நேரம் முழுவதையும் விடியற்காலைக்கு மாற்றி, கையெழுத்திட்டு அனுப்பினேன். நாலு இருபதுக்கு உறுதிச் சீட்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் லண்ட் மேசையில் வைத்தேன்.

படித்ததும் அவர் முகம் சிவந்தது. "இதை இப்பவே ரத்து பண்றேன்."

"பண்ணுங்க. ஆனா தேர்தல் விளம்பரக் காகிதம் எல்லாத்தையும் சேனல் பொதுக் கோப்புல வைக்கணும்னு சட்டம், ரத்துக் கடிதமும் அதுல போயிடும். யாரு வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். பேங்கர் ஊர்ப் பத்திரிகைக்காரங்க தினமும் படிக்கறாங்க, எதிர்க்கட்சியும் படிக்கும். நாளைக்குக் காலைல 'வடக்கைக் கைவிட்டார்'னு தலைப்பு வந்தா நீங்களே பதில் சொல்லிக்கங்க. நீங்க முதல்ல சொன்னபடி நேரா ரத்து பண்ணியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதை நீங்க யோசிக்கவே இல்ல."

அவர் உறுதிச் சீட்டை இன்னொரு முறை படித்தார்.

"வாரம் முழுக்க ஓடட்டும்," என்றார் கடைசியில். "நீங்க மட்டும் திங்கட்கிழமை வர வேண்டாம்."

"சரி. ஓடட்டும்னு எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, வாடகை அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"உன் ஆளு டிவில வந்தான்டி," என்றார் ஆர்மான். "மிஷோ பண்ணைச் சீட்டுக்கும் உறைபனிச் சீட்டுக்கும் நடுவுல. செலீன் கத்தறா, இவன் பேசுனதுல லாரி நேரம் காதுல விழலையாம்."

"நீ கேட்டியா?"

"காலணி மாட்டிக்கிட்டிருந்தேன், எங்க போறது? கேட்டேன். விதைக்கிழங்குக்கு மானியம் தர்றேங்கறான். ஒரு மண்ணும் தெரியாம பேசறான். எங்களுக்கு வேண்டியது விதையில்ல, எல்லையில கனடாக்காரன் விலைய உடைக்கறானே, அதைக் கேளுன்னு டிவிகிட்டயே சொன்னேன். லெவெக்கும் அவன் வீட்டு டிவியோட சண்டை போட்டானாம்."

"அவனுக்கு ஓட்டுப் போடுவியா?"

"சத்தியமா மாட்டேன். ஆனா நாளைக்கு வந்து என்ன உளறப்போறான்னு பாக்கறேன். ஆமா, வேலை நெஜமாவே போச்சா?"

"போச்சு."

"பெரிய இடத்து வேலை. வருத்தமா இருக்கா?"

"இல்ல. கையெழுத்து போடச் சொன்னா மறுபடியும் இதைத்தான் போடுவேன்," என்றேன். பெட்டியை மூடிவிட்டு, லண்ட் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டேன்.