மணி அடித்தால் மேட்டுக்கு

எழுபதுகளின் நடுவில், காம்பாருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், நடந்தது இது. வெள்ளம் வடிந்து, அதில் செத்த சின்னையாவின் கருமாதியும் முடிந்த பிறகு விஸ்வலிங்கம் ஐயா மறுபடி வந்தார். கோலாலம்பூரில் பேராசிரியர். ஆற்றோரத்து ஏழை ஜனங்களை வெள்ளத்துக்கு முன்பே எப்படி எச்சரிப்பது என்று ஆராய்ச்சி செய்கிறவர். எச்சரித்தும் ஏன் ஓர் உயிர் போயிற்று என்று கேட்கத்தான் இந்த முறை வந்திருந்தார். நேராகச் சின்னையாவின் மனைவி வீரம்மாவின் வாசலுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாருக்குத்தான் வயிறு எரியாது?

"அண்டைக்கு விடியப்புறம் மணிச்சத்தம் கேட்டதோ அம்மா?"

"கேட்டுச்சு."

"பிறகேன் மேட்டுக்கு ஏறேல்லை? ஏறச் சொல்லித்தானே மணி அடிச்சது?"

அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் மென்மையாகத்தான் இருந்தது. அந்த மென்மைதான் வீரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி என்றால் கோயில் மணி இல்லை. ஆற்றோரப் பள்ளத்தில், ஆபீஸ் திடலில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. விடியுமுன் அதை இரும்புக் கம்பியால் அடித்தால் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். ஓடிப்போய்த் திடலில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. வீரம்மாவின் தாத்தா அந்தச் சத்தத்துக்கு ஓடினார், அப்பா ஓடினார், அவளும் ஓடினாள். மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, மணியும் அடிக்காது. மழையிலும் அடித்தால் துரை வேறேதோ வேலைக்குக் கூப்பிடுகிறார், போய்த் தொலைய வேண்டியதுதான்.

இந்த மணியைத்தான் வெள்ளத்துக்கும் வைத்தார்கள், புண்ணியவான்கள். ஐயா முதலில் தனியாக ஒரு சைரன் கேட்டாராம். அதுதான் மணி இருக்கிறதே, வீண் செலவு எதற்கு என்றாராம் துரை. ஐயாவும் தலையாட்டிவிட்டார். ஜனங்களைக் கூட்டி ஒரு நாள் ஒத்திகை பார்க்கலாம் என்றதற்கு, பால்வெட்டு கெட்டுப்போகும் என்று துரை விடவில்லை. கடைசியில் ஒரு சம்பள நாளன்று, வெள்ளம் வந்தால் மணியை விடாமல் அடிப்போம், முனியாண்டி கோயில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள் என்று கிராணி ஒரு தடவை வாசித்தார். சம்பளத்துக்குக் கால்கடுக்க நிற்கிறவன் காதில் அது ஏறுமா? எல்லாரும் சரி என்றார்கள். வீரம்மாவும்தான் சரி என்றாள்.

அப்புறம் அந்த விடியற்காலை. இரவெல்லாம் கொட்டிய மழையில், மேலே கைவிட்ட ஈயச் சுரங்கத்துக் குளம் கரை உடைத்துக்கொண்டது. போலீசிலிருந்து ஆபீசுக்கு போன் வந்தது. காவல்காரர் பத்துமலை, தமக்குச் சொல்லிக் கொடுத்தபடியே மணியை விடாமல் அடித்தார். சின்னையாவுக்குக் காய்ச்சல். இந்த மழையில் என்ன பெரட்டு என்று முனகியபடி போர்வையை இழுத்து மூடினார். கிராணி பேரை வெட்டிவிடுவான் என்று உலுக்கி எழுப்பி அனுப்பியது வீரம்மாதான். முதல் ஆளாகத் திடலுக்கு இறங்கினார். மழைச் சத்தத்தில் பத்துமலை கத்தியது அவர் காதில் விழவில்லை. பின்னால் போனவர்கள் தண்ணீரின் இரைச்சல் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். பத்துமலை ஆபீஸ் கூரையில் ஏறிப் பிழைத்தார். வெள்ளம் அடித்துப்போன சின்னையாவை மறுநாள்தான் எடுத்தார்கள். வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குள் வந்தது முழங்கால் தண்ணீர்தான்.

ஐயா பேனாவைத் திறந்தார். எச்சரிக்கையை ஜனங்கள் மதிக்கவில்லை என்று துரை சொல்கிறார், அப்படியே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வீரம்மா எழுந்து நின்றாள். "யாருங்க மதிக்கல? மணி அடிச்சா எறங்கி வான்னு எங்களப் பழக்குனது யாரு? மதிக்காம தூங்கியிருந்தா எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு உயிரோட இருப்பாருலா. மதிச்சதுனாலதான் செத்தாரு. அத எழுதுங்க."

ஐயாவின் முகம் செத்துப்போயிற்று. பேனாவை மூடிக்கொண்டு நேராகத் துரையிடம் போனார். பெரட்டுக்கு வேறு சத்தம் வையுங்கள் என்று கேட்டாராம். ஜனங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாராம் துரை. அறிக்கையில் கட்டாயம் எழுதுகிறேன், அடுத்த வருஷம் ஏதாவது செய்வார்கள் என்று வீரம்மாவிடம் சொல்லிவிட்டு ஐயா கார் ஏறினார். அடுத்த மழை அடுத்த வருஷம் வரை காத்திருக்குமா? மறுநாளும் அதே மணி, அதே திடல். புருஷனைக் கொன்ற சத்தத்துக்கு அவளும் ஓடிப்போய் வரிசையில் நின்றாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் வாயைத் திறந்தாள். வாளிகள் நிரம்பி வழிந்தும் யாரும் நகரவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி மட்டும், பேரும் கூலியும் போய்விடுமே என்று இழுத்தாள்.

"எனக்குப் புருஷனே போயிட்டாரு" என்றாள் வீரம்மா.

மறுநாள் விடியுமுன் மணி அடித்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. லயத்துக் கதவுகள் திறந்தன. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோழிக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தர் பாக்கியில்லாமல் முனியாண்டி கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். கீழே திடலில் கிராணி தனி ஆளாக நின்றார். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடியாது. துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார்.

தண்ணீர் எங்கே, எதற்கு ஏறினீர்கள் என்று கத்தினார்.

"மணி அடிச்சா ஏறணும்னு நீங்கதான சொன்னீங்க தொரை. கத்துக்கிட்டோம்" என்றாள் வீரம்மா.

தினமும் ஏறுவீர்களா என்று கேட்டார்.

"தினமும் அடிச்சா தினமும் ஏறுவோம்."

மறுநாளும் ஏறினார்கள். அதற்கு மறுநாள் மணி அடிக்கவில்லை. தண்டவாளத் துண்டைக் கழற்றி, இனி வெள்ளத்துக்கு மட்டும் என்று மேட்டில் கோயில் பக்கத்தில் கட்டிவிட்டார்கள். கிராணி ஈப்போவில் வாங்கிய விசிலை லயத்துக்கு வந்து ஊதினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு பெரட்டுக்கு இறங்கினார்கள்.

வீரம்மா சிரிக்கவில்லை. வரிசையில் நின்று, கிராணியின் கழுத்தில் தொங்கிய விசிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனூண்டு விசில். இதை முன்னாலேயே வாங்கித் தொலைத்திருந்தால், அன்றைக்கு அந்த மணிக்குச் சின்னையா காய்ச்சலோடு மேட்டுக்குத்தான் ஏறியிருப்பார்.