திரும்பி வரும் தண்ணீர்

என் மாமனார் ஜவுளிக் கடையிலேயே வளர்ந்தவர். விற்ற சரக்கு திரும்பி வாசல் ஏறினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். சாயப்பட்டறை வாங்கிய புதிதில் பம்பு அறையை மேலும் கீழும் பார்த்தார். பம்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து தண்ணீர்த் தொட்டிக்கே திரும்பிப் போனது.

“மாப்ளே, இதென்ன, போன தண்ணி திரும்பி வருது?”

“பெரிய பம்பு மாமா. கொஞ்சமாவது தண்ணி ஓடிட்டே இருக்கணும். மெஷினுங்க இழுக்காதப்போ இந்த வழியா திரும்பும். இல்லேன்னா உள்ளேயே சுத்திச் சூடேறிச் செத்துடும்.”

“கரண்டு செலவழிச்சு ஏத்துறது, மறுபடி இறக்குறது! நம்ம கடைத் துணியை நாமளே வாங்கி, நாமளே திருப்பிக் குடுக்குற கதையா இருக்கு.”

அன்றே அந்தக் குழாயின் வால்வை மூடி, சங்கிலி சுற்றி, கடைப் பூட்டு ஒன்றைப் போட்டார். சாவி அவர் சட்டைப்பையில்.

பத்து மெஷின்களும் ஓடியவரை குறையில்லை. பிறகு வியாபாரம் படுத்தது. மிஞ்சியது சாயத்துக்குத் துணி தரும் ஒரே வியாபாரி, ஒரே மெஷின். பத்துக்கு இறைக்க வந்த பம்பு, ஒன்றுக்கு இறைத்தது. சரளைக் கல்லை மெல்வதுபோல் உறுமியது. சூட்டில் மேலே கை வைக்க முடியவில்லை.

“சாவியைக் குடுங்க மாமா. கால்ல விழறேன். இதுவும் போச்சுன்னா பட்டறையே போச்சு.”

“சத்தம் போட்டா என்ன? என் மகளும்தான் உன்கிட்ட சத்தம் போடுறா. செத்தா போயிட்டா?”

இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே வந்தார். “அறு. அறுத்துட்டு அப்படியே மூட்டை முடிச்சைக் கட்டு.”

நாங்கள் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில், பிள்ளைகள் இரண்டு. ரம்பத்தை வைத்துவிட்டேன்.

அந்த வியாபாரியின் நீலத் துணியை அலசிக்கொண்டிருந்தபோது பம்பு ஒரு முக்கு முக்கியது, அச்சு முறிந்துவிட்டது. தண்ணீரில்லாமல் கிடந்த துணியெங்கும் திட்டுத்திட்டாகச் சாயம்.

“மடிச்சு அனுப்பு,” என்றார் மாமனார். “பிரிச்சா பார்க்கப்போறான்?”

பிரித்துப் பார்த்தான். போன லாரி போன பாரத்தோடு திரும்பியது. “இனிமே இங்க துணி குடுக்கப்போறதில்லேன்னுட்டார்,” என்றார் டிரைவர், மூட்டைகளை வாசலில் தள்ளியபடி.

மாமனார் அந்த மூட்டைகளைத் தாண்டிப் பம்பு அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். வால்வை முழுக்கத் திருகித் திறந்தார்.

“இப்ப போடு மாப்ளே.”

“அச்சு முறிஞ்சிருச்சு மாமா.”

“போடுடா!”

போட்டேன். மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றியது. அவர் அந்தச் சின்னக் குழாயில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.