சாட்டித் தண்ணீரும் புகையிலை இலையும்

நாரந்தனை ஊர்க்காரி நிலாந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். "தண்ணியைப் பற்றி எனக்கு ஒருத்தரும் படிப்பிக்க ஏலாது" என்பாள். உவர்க் கிணறுகளுக்கு நடுவே வளர்ந்தவள். ஒரு சொட்டை நாக்கில் விட்டாலே உப்பைச் சொல்லிவிடுவாள். அந்த நாக்குத்தான் அவளைக் கவிழ்த்தது.

வேலணை ஆய்வுகூடத்தில் அவள் பார்த்தது பொல்லாத வேலை. தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்களில் ஒரு மரபணுவை ஒட்டி, தண்ணீரில் கலந்து, புகையிலை இலைக்குள் ஏற்ற வேண்டும். குழாய் கலத்துக்குள் புகுந்து மரபணுவை இறக்கிவிட்டால், ஊதா விளக்கின்கீழ் இலை பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால், எந்த இலையும் அந்த விளக்கில் காட்டும் வெறும் சிவப்பு. மூன்று முறையும் சிவப்பு. வெள்ளிக்கிழமை பேராசிரியர் துஷ்யந்தன் வருகிறார்; அன்றும் சிவப்பென்றால் ஆய்வுக்கு மூடுவிழாதான்.

செவ்வாய் காலை, கூட வேலைசெய்யும் அன்ரனிட்டா தேத்தண்ணிக்குக் கேத்திலைத் திறந்து முகம் சுளித்தாள்.

"அக்கா, போன கிழமைதான் உரஞ்சினனான். திரும்பவும் வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு."

"சாட்டிக் கிணத்துத் தண்ணிதானே, சுண்ணாம்பு..." நிலாந்தி பாதியில் நிறுத்தினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும், ஆவியாக்கி வடித்த தண்ணீர் முடிந்ததால், மூன்று முறையும் குழாய்களைக் கலந்தது அதே சாட்டி ஊர்க் கிணற்றுத் தண்ணீரில். ருசி பார்த்தாள், இனித்தது, எடுத்துவிட்டாள். நாக்குக்கு உப்புத் தெரியும், சுண்ணாம்பு தெரியுமா? அதுதான் குழாய்களைக் கட்டிகட்டியாகத் திரட்டி அடியில் படியவைத்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"பெற்றோல் செட்டில கார் பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணி இருக்கும். ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வாரும்," என்றாள் அன்ரனிட்டாவிடம்.

அந்தத் தண்ணீரில் செய்த கலவை அடியில் படியவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கம் அழுத்தி ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை யன்னலை மூடி விளக்கைப் போட்டார்கள். சிவந்த இலையின் நடுவே, அவள் ஏற்றிய இடம் முழுக்கப் பச்சை. பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் குழாயில்லாமல் மரபணு மட்டும் ஏற்றிய இலை சிவப்பாகவே கிடந்தது. பேராசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிப்பாட்டச் சொல்லத்தான் வந்தனான்," என்றார். "முந்தி என்ன பிழைச்சது?"

"நான்தான் சேர். தண்ணியை ருசி பார்த்து எடுத்தனான்."

அவருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. "அதையும் அறிக்கையில எழுதும். அடுத்தது மிளகாய்ச் செடி, எப்ப தொடங்குவீர்?"

"இண்டைக்கே, சேர்."

அன்ரனிட்டா விளக்கை அணைக்கப் போனாள். நிலாந்தி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். மூன்று முறையும் சிவப்பையே பார்த்தவள், இன்னும் கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?